அயர்லாந்தில் பத்து நாள்: வேன் டூருக்கு வெளியே என்ன பார்க்கலாம்?

கேள்வி இது: "செப்டம்பரில் நானும் மனைவியும் 12 வயது மகளும் பத்து நாள் அயர்லாந்து போகிறோம். கோட்டை, பாறை உச்சி, பரிசுக் கடை என்று வேனில் சுற்ற விருப்பமில்லை. அங்குள்ளவர்கள் எப்படி வாழ்கிறார்கள், எதைத் தங்கள் மரபென்று காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். குடிப்பழக்கம் இல்லை. மனைவி சைவம். எங்கே தங்குவது, பப்புக்கெல்லாம் போகலாமா, எப்படி நடந்துகொள்வது?"

முதலில் ஊர்களைக் குறையுங்கள். பத்து நாளுக்கு ஏழு ஊர் போட்டிருந்தால் மூன்றாக்குங்கள். அங்கே அன்றாட வாழ்க்கை கிழமைக் கணக்கில் ஓடுகிறது. இந்தப் பப்பில் செவ்வாய் இரவு இசை, அந்த மண்டபத்தில் வியாழன் இரவு நடனம், ஞாயிறு பிற்பகல் ஊர்த் திடலில் ஆட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு நாள் உண்டு. ஓரிரவு தங்கிப் போகிறவருக்கு எந்தக் கிழமை வாய்க்கிறதோ அதுதான். நான்கு இரவு தங்கினால் இரண்டு நிகழ்ச்சியாவது கிடைத்துவிடும். டப்ளினில் 2 இரவு, கிளேர் மாவட்டத்தில் என்னிஸ் அல்லது என்னிஸ்டைமனில் 4 இரவு, கெர்ரி மாவட்டத்து டிங்கிள் தீபகற்பத்தில் 3 இரவு, கடைசி இரவு திரும்பவும் டப்ளின் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். கிளேரிலிருந்து கெர்ரிக்கு லிமரிக் நகரைச் சுற்றிப் போக வேண்டாம். கில்லிமர் துறையில் காரோடு ஃபெரியில் ஏறினால் ஷானன் ஆற்றின் கழிமுகத்தைக் கடந்து 20 நிமிடத்தில் டார்பர்ட் போய்விடலாம். "ரிங் ஆஃப் கெர்ரி" சுற்றுப்பாதையை விட்டுவிடுங்கள். ஒரு நாள் முழுக்கக் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள்.

விசா விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். அயர்லாந்து ஷெங்கன் பகுதியில் இல்லை. ஷெங்கன் விசா அங்கே செல்லாது. பெல்ஃபாஸ்ட் இருக்கும் வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது. வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுவதை வைத்துத்தான் நாடு மாறியதே தெரியும். சாவடி இல்லை என்பதற்காக விசா தேவையில்லை என்று ஆகிவிடாது. இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம் உண்டு. அந்த முத்திரை உள்ள ஐரிஷ் விசாவில் வடக்கேயும் போய்வரலாம். ஆனால் விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்த வசதி இல்லை.

தங்குவதற்கு ஹோட்டலைவிட பி அண்ட் பி எனப்படும் வீட்டு விடுதி நல்லது. வீட்டுக்காரரே காலைச் சாப்பாடு செய்து கொடுப்பார், ஊர் நடப்பு அத்தனையும் அவரிடம் கிடைக்கும். குளியலறையில் மட்டும் ஒரு சூட்சுமம் உண்டு. கூரையிலிருந்து ஒரு வெள்ளைக் கயிறு தொங்கும். மின்சார ஷவருக்கு அதுதான் ஸ்விட்ச். அதை இழுத்துச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்த பிறகு ஷவரில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். இது தெரியாமல் முதல் நாள் பச்சைத் தண்ணீரில் நடுங்குகிறவர்கள் ஏராளம். "இம்மர்ஷன்" என்று ஒரு ஸ்விட்சைக் காட்டினால் அது வெந்நீர்த் தொட்டிக்கானது. குளித்து முடித்ததும் அணைத்துவிடுங்கள். அதை அணைக்க மறப்பது ஐரிஷ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் திட்டு வாங்கித் தரும் குற்றம்.

காலைச் சாப்பாட்டில் புட்டிங் என்றதும் இனிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். கருப்பு புட்டிங் பன்றி ரத்தமும் ஓட்ஸும் சேர்த்தது; வெள்ளை புட்டிங்கில் ரத்தம் இல்லை, இறைச்சி உண்டு. சைவம் என்பதை முந்தைய இரவே சொல்லிவிட வேண்டும். "வெஜிடபிள் சூப்" கோழிச் சாற்றில் கொதித்திருக்கலாம், "டோஸ்டட் ஸ்பெஷல்" என்ற சாண்ட்விச்சில் ஹாம் இருக்கும், பழைய பாணி சிப்ஸ் கடைகள் சிலவற்றில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சிறிய ஊர்களில் எட்டரை, ஒன்பது மணிக்கு அடுக்களையை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு பப் திறந்திருக்கும், சாப்பாடு இருக்காது.

யார் வீட்டுக்காவது போனால் தேநீர் வரும். "வேண்டாம்" என்று முதலில் சொல்வது மரியாதைக்கு. மறுபடி கேட்பது அவர்கள் மரியாதைக்கு. இரண்டாவது, மூன்றாவது தடவையில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த நாடகம் நமக்குப் புதிதில்லை. உண்மையிலேயே வேண்டாம் என்றால் "இப்பத்தான் குடிச்சுட்டு வரேன்" என்று காரணத்தோடு சொன்னால்தான் விடுவார்கள்.

அடுக்களை உள்ள வீடாக எடுத்தால் சோடா பிரெட்டை நீங்களே சுட்டுப் பார்க்கலாம். மரபுக்குள் நுழைய இதைவிட மலிவான வழி கிடையாது. அந்த ஊர்க் கோதுமை மென்மையான ரகம், பசைத்தன்மை குறைவு. ஈஸ்ட் ரொட்டிக்கு அது சரிப்படாது. அதனால்தான் 19-ஆம் நூற்றாண்டில் சமையல் சோடா வந்ததும் நாடே அதைப் பிடித்துக்கொண்டது. கடையில் "பிரெட் சோடா" என்று விற்பார்கள். நம் ஆப்ப சோடாதான். மாவு 450 கிராம், சோடா மட்டமாக ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, கடையில் பட்டர்மில்க் என்று கிடைக்கும் கெட்டி மோர் 350 முதல் 400 மில்லி. சோடாவைச் சலித்துக் கலக்க வேண்டும். நடுவில் குழி செய்து மோரை ஊற்றி, விரல்களை விரித்து வட்டமாக நாலு சுற்று. ஒட்டியும் ஒட்டாமலும் சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். மேலே ஆழமாகக் குறுக்கு நெடுக்காகச் சிலுவை போலக் கீறி, 230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். அடியைத் தட்டினால் வெற்றுப் பானை போல ஒலிக்க வேண்டும். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இங்கே ஒரு ஆபத்து: பிசைந்தால் கல்லாகிவிடும். மோர் பட்ட கணமே சோடா பொங்கத் தொடங்குவதால் அடுப்பு முன்பே சூடாகி இருக்க வேண்டும். சோடா கூடிவிட்டால் உள்ளே மஞ்சள் புள்ளியும் சோப்புச் சுவையும் வரும். "செல்ஃப் ரெய்சிங்" என்று எழுதிய மாவை வாங்கிவிடாதீர்கள், அதில் ஏற்கெனவே பேக்கிங் பவுடர் இருக்கிறது.

பப்புக்கு வருவோம். தாராளமாகப் போகலாம், குடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஊரின் கூடம், திண்ணை, தகவல் நிலையம் எல்லாம் அதுதான். டிங்கிளில் ஒரு பக்கம் ஆணியும் சுத்தியலும் விற்கும் கடை, எதிர்ப்பக்கம் மதுக் கவுன்ட்டர் என்று ஒரே அறையில் நடக்கும் பப்பை இன்றும் பார்க்கலாம். அந்தக் காலத்தில் மளிகையும் மதுவும் ஒரே கடையில் விற்றதன் மிச்சம் அது. மகளைப் பற்றிய சட்டம் இது: 15 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோருடன் மட்டுமே, இரவு 9 மணிக்குள் வெளியேற வேண்டும், மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. நீங்கள் போகும் மாதத்தில் 10 மணி வரை இருக்கலாம். ஆனால் இசை பெரும்பாலும் ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் தொடங்கும். ஆகவே ஞாயிறு பிற்பகல் அல்லது மாலை ஆறு மணி வாக்கில் நடக்கும் இசைக்கூடலைத் தேடுங்கள்.

கவுன்ட்டரில் வரிசை இல்லாதது போலத் தோன்றும். யார் முதலில் வந்தார்கள் என்பது கவுன்ட்டர்காரர் மனதில் இருக்கும். காசை ஆட்டிக் காட்டினால் கடைசியாகத்தான் வருவார். பக்கத்தில் ஒருவர் கின்னஸ் கேட்டால் அதைக் கவனித்துப் பாருங்கள், குடிக்காதவருக்கும் அது நல்ல காட்சி. கண்ணாடியை 45 டிகிரி சாய்த்து முக்கால் வரை நிரப்பி அப்படியே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். நைட்ரஜன் கலந்த வாயு என்பதால் குமிழிகள் மிகச் சிறியவை. நடுவே மேலேறும் திரவம் ஓரமாகக் கீழிறங்குகிறது, குமிழிகளையும் இழுத்துக்கொண்டு. பழுப்பு மேகம் கண்ணாடி ஓரமாகக் கீழே விழுவது போலத் தெரியும். அது கறுத்து அடங்கியதும் கைப்பிடியை எதிர்ப்பக்கம் தள்ளி மெதுவாக மேல்நுரை கட்டுவார். மொத்தம் 119.5 நொடி என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. முதல் ஊற்று முடிந்ததும் கையை நீட்டினால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது "ரவுண்ட்". நான்கு பேர் உட்கார்ந்தால் ஒருவர் எழுந்து நால்வருக்கும் வாங்குவார், பிறகு அடுத்தவர். யாரும் கணக்குச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் கணக்குத் தெரியும். ஒருவர் வாங்கித் தந்ததைக் குடித்துவிட்டு உங்கள் முறை வருமுன் எழுந்து போவதுதான் பெரிய தப்பு. நீங்கள் ஆரஞ்சுச் சாறு குடித்தாலும் உங்கள் முறைக்கு எல்லாருக்கும் வாங்க வேண்டும். சோடா, கோலா வகையறாக்களுக்கு அங்கே பொதுப்பெயர் "மினரல்". ஆல்கஹால் இல்லாத கின்னஸும் உண்டு. சிக்கிக்கொள்ள விருப்பமில்லை என்றால் முதலிலேயே "ஒன்றோடு கிளம்புகிறேன்" என்று சொல்லித் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

இசைக்கூடலை "செஷன்" என்பார்கள். கச்சேரி மனநிலையோடு போனால் புரியாது. மேடை இல்லை, மைக் இல்லை. ஒரு மூலை மேசையைச் சுற்றி ஃபிடில், புல்லாங்குழல், தகர விசில், கான்சர்ட்டினா என்ற சிறு கைத்துருத்திப் பெட்டி, பட்டன் அக்கார்டியன், கையிடுக்கில் துருத்தியை அமுக்கிக் காற்றடித்து வாசிக்கும் இல்லன் பைப். தங்களுக்குள் பார்த்துக்கொண்டு வாசிப்பார்கள். மேற்குக் கிளேர் கான்சர்ட்டினாவுக்குப் பேர் போனது. பெரும்பாலான மெட்டுகள் இரண்டு பகுதி, பகுதிக்கு எட்டு தாள அளவை, ஒவ்வொன்றும் இரண்டு முறை. ஆக 32 அளவை. அதை மூன்று தடவை சுற்றிவிட்டு நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். அந்தத் தாவலில்தான் சுவை. ஒருவர் தலையைச் சற்றுத் தூக்குவார், அல்லது ஒரு "ஹப்" சத்தம், எல்லார் வில்லும் ஒன்றாகத் திரும்பும். ஜிக் வகை 6/8; நம் காதுக்குத் திஸ்ர நடையாகக் கேட்கும். ரீல் நாலு நாலாக ஓடும், அதுதான் அதிகம் வாசிக்கப்படுவது. ஸ்லிப் ஜிக்குக்கு ஒன்பது. தாளம் போடப் பழகிய நம்மவர்கள் தொடையில் தட்டலாம், கைதட்டிக் கூடவே தாளம் போடுவது மட்டும் வேண்டாம். பத்துப் பேர் பத்துவிதமாகத் தட்டினால் வாசிப்பவர்களுக்குத் தடம் தப்பும்.

காலியாகத் தெரியும் நாற்காலியில் உட்காரும் முன் கேளுங்கள். அது வரப்போகும் ஃபிடில்காரருடையதாக இருக்கும். போரான் என்ற ஆட்டுத்தோல் சட்டப்பறை நம் கஞ்சிராவின் பெரியண்ணன் மாதிரி, குச்சியால் அடிப்பது. ஒரு கூடலில் ஒன்று போதும் என்பது எழுதாத விதி. கஞ்சிரா கொண்டுபோய்ச் சேர்ந்து வாசிக்க ஆசையிருந்தால் ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, இடைவேளையில் மூத்தவரிடம் கேட்டுப் பாருங்கள். படம் பிடிப்பதற்கும் அதே முறைதான். திடீரென்று யாராவது துணை இல்லாமல் ஐரிஷ் மொழியில் பாடத் தொடங்கினால் அது ஷான் நோஸ் என்ற பழைய பாணி. அப்போது கோப்பை சத்தம்கூடக் கூடாது. பாடுபவர் கண்ணை மூடியிருக்க, பக்கத்தில் இருப்பவர் அவர் கையைப் பிடித்து மெல்லச் சுழற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்க நேர்ந்தால் உங்கள் பயணம் வீணாகவில்லை. டப்ளினில் கேட்பதானால் டெம்பிள் பார் பகுதியைத் தவிர்த்து ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோன் பப்புக்குப் போங்கள். டெம்பிள் பாரில் விலை அதிகம், பாடுவது சுற்றுலாக் கூட்டத்துக்காக.

செப்டம்பரில் போவதால் ஒரு லாபம் இருக்கிறது. மட்டையும் பந்துமாக ஆடும் ஹர்லிங் அந்த நாட்டின் மரபு ஆட்டம். அதன் அகில அயர்லாந்து இறுதிப் போட்டி ஜூலையிலேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஊர்க் கிளப்புகளின் போட்டிகள். டப்ளின் குரோக் பார்க்கில் 82,300 பேர் உட்காரலாம், ஆனால் ஹர்லிங்கைக் கிட்டத்தில் பார்க்க ஊர்த் திடல்தான் சரி. போட்டிகளை நடத்தும் ஜி.ஏ.ஏ. என்ற கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் ஊரில் தொடங்கப்பட்டது. கிளப் என்பது பங்கு, அதாவது தேவாலயத்தின் ஊர் எல்லை. பெரும்பாலும் பிறந்த பங்குக்குத்தான் ஆடுவார்கள். நாட்டின் உச்ச வீரருக்கும் சம்பளம் இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போய்விடுவார்.

ஆட்டம் புரிவதற்கு இவ்வளவு போதும். பக்கத்துக்கு 15 பேர். கோல் கம்பம் ஆங்கில எச் எழுத்து போல இருக்கும். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், 3 புள்ளி. மேலே போனால் 1 புள்ளி. வெள்ளைக் கோட்டு போட்ட நடுவர்கள் கோலுக்குப் பச்சைக் கொடி, புள்ளிக்கு வெள்ளைக் கொடி ஆட்டுவார்கள். 2-18 என்று பலகையில் இருந்தால் இரண்டு கோல் ஆறு, கூட 18, மொத்தம் 24. பந்தைத் தரையிலிருந்து கையால் எடுக்கக் கூடாது, மட்டையால் கிளப்பித்தான் பிடிக்க வேண்டும். கையில் வைத்து நான்கு எட்டுக்கு மேல் ஓடக் கூடாது. அதனால் மட்டை நுனியில் பந்தைத் தாங்கியபடி ஓடுவார்கள். மட்டை ஆஷ் மரத்தில் செய்வது. வேரோடு சேரும் அடிமரத்தில் நார் இயல்பாகவே வளைந்திருக்கும், மட்டையின் வளைவும் அதே நாரில் வருவதால் அடிக்கு எளிதில் உடையாது. 2012-இல் அயர்லாந்தில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் இந்த மரங்களை அழித்துவருகிறது. இப்போது இறக்குமதி மரமும் மூங்கில் மட்டையும் புழக்கத்துக்கு வந்திருக்கின்றன. டிக்கெட் பெரும்பாலும் இணையத்தில்தான், வாசலில் காசு வாங்குவது குறைந்துவிட்டது. இரு ஊர் ஆதரவாளர்களும் கலந்தே உட்காருவார்கள். யாருக்கு ஆதரவு என்று கேட்டால் "தங்கியிருக்கும் ஊருக்கு" என்று சொல்லுங்கள், இடைவேளைத் தேநீருக்குள் அந்த வீரர்களின் பாட்டன் பெயர் வரை தெரிந்துவிடும்.

நிலத்தைப் படிக்கவும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். கிளேரின் பரன் சுண்ணாம்புக்கல் பகுதியிலும் எதிரே உள்ள ஆரன் தீவுகளிலும் காரை இல்லாமல் அடுக்கிய கல்சுவர்கள் கண்ணுக்கு எட்டிய வரை ஓடும். இடைவெளி விட்டு அடுக்கியிருப்பது கவனக்குறைவில்லை. அட்லான்டிக் காற்று ஊடுருவிப் போனால் சுவர் நிற்கும். ஆட்டமாகத் தெரிவதால் செம்மறியும் ஏறத் தயங்கும். ஆரனில் பல வயல்களுக்கு வாயிற்கதவே இல்லை. ஓரிடத்தில் மட்டும் உருண்டைக் கற்களாகக் குவித்திருக்கும். மாடு போக வேண்டும் என்றால் அதைக் கலைத்து, போன பிறகு திரும்ப அடுக்குவார்கள். சுவர் மேல் ஏறாதீர்கள். ஒரு கல் விழுந்தால் எடுத்து வையுங்கள். வயல்கள் தனியார் நிலம், எங்கும் நடக்கலாம் என்ற உரிமை அங்கே கிடையாது. அம்புக்குறி போட்ட நடைபாதைகளில் போகலாம். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுச் செல்வது முறை.

டிங்கிளிலும் மேற்குக் கரை மலைகளிலும் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது சரிவுகளைப் பாருங்கள். யாரும் குடியில்லாத உயரத்தில், புல்லுக்கு அடியில், சீப்பால் வாரியது போல இணைகோடுகள் தெரியும். அவை பழைய உருளைக்கிழங்குப் பாத்திகள். சாணமும் கடற்பாசியும் போட்ட பட்டையின் மேல் விதைக்கிழங்கை வைத்து, இருபுறத்துப் புல்தரையையும் மண்வெட்டியால் புரட்டி மூடுவார்கள். இருபக்கமும் வாய்க்கால் ஆகிவிடும். 1841 கணக்கெடுப்பில் தீவில் 80 லட்சத்துக்கு மேல் மக்கள். நல்ல நிலம் பண்ணையாருக்கு, குத்தகைக்காரர் மலையேறிப் பயிரிட்டார். 1845-இல் பூஞ்சை போன்ற ஒரு கிருமி கிழங்கை அழுகடித்தது. 1852-க்குள் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறினார்கள். அந்தப் பாத்திகளில் பலவற்றை அதன் பிறகு யாரும் தொடவில்லை. என்னிஸ்டைமனுக்கு வெளியே, 1995-இல் அமைத்த பஞ்ச நினைவுச்சின்னத்தில் ஏழைகள் விடுதியின் கதவு முன் ஒரு சிறு பிள்ளை நிற்கிறது. சட்டையில் ஒரு சீட்டைக் குத்தி விட்டுப்போன அநாதைக் குழந்தையின் நினைவு அது. உருளைக்கிழங்கு ஜோக் அடிக்காதீர்கள். அயர்லாந்தை இங்கிலாந்தோடு சேர்த்துப் பேசுவதும் அப்படித்தான்.

வயல் நடுவே வட்டமாக மேடு தெரிந்து, மேலே முள்மரம் இருந்தால் அது ராத் எனப்படும் பழைய குடியிருப்பு வளையம். நாடெங்கும் சுமார் 45,000 உண்டு. தேவதைகளின் கோட்டை என்று சொல்லி டிராக்டர்காரரும் சுற்றித்தான் உழுவார். நம்புகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார், வெட்டுவீர்களா என்று கேட்டாலும் இல்லை என்பார். புறப்படும் முன் ஒரு வேலை செய்யுங்கள். 1937 முதல் 1939 வரை நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிய கதை, வைத்தியம், ஊர்ப்பெயர்க் காரணம் எல்லாம் "பள்ளிகள் தொகுப்பு" என்று டூகஸ் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. தங்கப்போகும் பங்கின் பக்கங்களைப் படித்துவிட்டுப் போனால் பப்பில் பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல வழி கிடைக்காது.

டிங்கிள் பக்கம் ஐரிஷ் பேசும் பகுதி. 2022 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் பேர் ஐரிஷ் தெரியும் என்று சொன்னார்கள், பள்ளிக்கு வெளியே தினமும் பேசுவோர் சுமார் 72 ஆயிரம்தான். அதனால் பலகையில் எங்கும் பார்ப்பீர்கள், காதில் இங்கேதான் கேட்பீர்கள். இப்பகுதிப் பலகைகளில் ஊர்ப்பெயர் பெரும்பாலும் ஐரிஷில் மட்டும் இருக்கும், டிங்கிளுக்கே ஐரிஷில் "டாங்கன் ஈ கூஷ்" என்று பெயர். இரு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கழிவறைக் கதவு அதைவிட அவசரம்: எஃப் ஐ ஆர் என்றிருந்தால் போலீஸ் விவகாரம் இல்லை, ஆண்கள். எம் என் ஏ என்றிருந்தால் பெண்கள்; ஆங்கில "மேன்" எழுத்து மாறிக் கிடக்கிறது என்று நினைத்து உள்ளே போகிறவர்கள் உண்டு. இந்த மொழியில் ஆம், இல்லை என்பதற்குத் தனிச்சொல் இல்லை, கேட்ட வினைச்சொல்லையே திருப்பிச் சொல்ல வேண்டும். "புரிந்ததா?" "புரிந்தது" என்பவர்களுக்கு இதில் என்ன கஷ்டம்? பசியை "தா ஒக்ரஸ் ஒரம்" என்பார்கள், பசி என்மேல் இருக்கிறது என்ற பொருள். "நான் பசிக்கிறேன்" என்று சொல்லாத நமக்கு அதுவும் இயல்பாகப்படும். திராவிட மொழிகளுக்கு 1856-இல் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் பிறந்ததும் இதே தீவில்தான், வடக்கே ஆன்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடியில், பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள்.

சுற்றுலா இடங்களில் இரண்டு பார்த்தால் போதும். டப்ளின் கில்டேர் தெரு தேசிய அருங்காட்சியகம் இலவசம். சதுப்புக்குள் கெடாமல் கிடந்த இரும்புக் கால மனித உடல்கள் அங்கே இருக்கின்றன; ஓல்ட் குரோகன் மனிதரின் விரல் நகம்கூடத் தெரியும். மகளுக்குப் பயமாக இருக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று நியூகிரேஞ்ச். கி.மு. 3200 வாக்கில் கட்டிய கல்லறை மேடு, எகிப்துப் பிரமிடுகளுக்கும் முந்தியது. தை பிறப்பதற்குச் சில வாரம் முன்பு, ஆண்டின் மிகக் குறுகிய பகல்களில், விடிந்ததும் வாசலுக்கு மேலுள்ள சிறு துளை வழியாக வெயில் 19 மீட்டர் நடையைக் கடந்து உள்ளறை வரை போய் 17 நிமிடம் நிற்கும். மற்ற நாட்களில் விளக்குப் போட்டுக் காட்டுவார்கள். நேராக மேட்டுக்குப் போனால் விடமாட்டார்கள். புரூ னா போயின் பார்வையாளர் மையத்திலிருந்து அவர்கள் பேருந்தில்தான். நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.

போக்குவரத்து. டப்ளினில் கார் வேண்டாம், லீப் கார்டு என்ற பயண அட்டை வாங்குங்கள். பேருந்தில் காசாகக் கொடுத்தால் சில்லறை நாணயம் மட்டுமே, மீதி தர மாட்டார்கள். பேருந்து வரும்போது கையை நீட்டாவிட்டால் நிற்காமல் போய்விடும். இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வார்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட எல்லாரும். மேற்கே போகக் கார் தேவை. நம்மைப் போல இடப்பக்கம்தான். இந்திய உரிமம் பயணிக்குச் செல்லும். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். டப்ளின் எம் 50 நெடுஞ்சாலையில் சுங்கச் சாவடி கண்ணுக்குத் தெரியாது, கேமராதான். மறுநாள் இரவு 8 மணிக்குள் இணையத்தில் கட்டாவிட்டால் அபராதம். கிராமச் சாலைகளின் பொது வேக வரம்பு 2025 பிப்ரவரியில் 80-இலிருந்து 60 ஆனது. வளைவில் கல்சுவர், நடுவில் புல் முளைத்த ஒற்றைப் பாதை என்று வரும்போது 60-கூட அதிகம். எதிரே வண்டி வந்தால் அகலமான இடத்துக்கு அருகில் இருப்பவர் பின்னால் போய் வழிவிட வேண்டும். கடந்து போகும்போது அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் ஒரு அங்குலம் தூக்குவார். நீங்களும் அவ்வளவுதான் தூக்க வேண்டும். முழுக்கையையும் ஆட்டினால் ஏதோ ஆபத்து என்று வண்டியை நிறுத்திவிடுவார்.